நெய் தடவிய குழல்

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

என்னிடம் நான் வாசித்துவந்த பழைய கருங்காலிக் குழல் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை கோழி இறகை நல்லெண்ணெயில் தோய்த்து உள்ளும் புறமும் தடவி, ஒரு நாள் ஊறவிட்டுத் துடைப்பேன். இல்லாவிட்டால் மரம் வெடித்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிளறுவது என் வேலை. கிளறக் கிளறக் கடாயின் ஓரத்தில் நெய் கசியும். சாமி விளக்குக்கே நெய் ஊற்றுகிறோமே என்று, ஒரு மாதம் எண்ணெய்க்குப் பதிலாக அதை வழித்து வந்து தடவினேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஜன்னலில் குழலை ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மச்சானின் வெள்ளை நாய் வாசலில் படுத்து அதைக் கடித்துக்கொண்டிருந்தது. மச்சான் என் மனைவிக்கு அண்ணன், போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்து வீடு.

விறகுக் கட்டையால் அதன் முதுகில் அடித்தேன். குழலைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கியது. ஊதும் துளையின் விளிம்பு பிய்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தபோது நெய் வாடை அடித்தது. யாருடைய தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் விலாவில் அடித்தேன், தலையில் அடித்தேன். நாலாவது அடிக்குத்தான் பாய்ந்து என் கையைக் கவ்வியது. கட்டை சாக்கடையில் விழுந்தது.

சத்தம் கேட்டு வந்த மச்சான் என் கையில் வழிந்த ரத்தத்தை மட்டும் பார்த்தார்.

"சும்மா நின்ன ஆளயா கடிச்சுச்சு, மாப்பிள?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"வீட்டு ஆளக் கடிச்ச நாய வச்சுக்கிட ஏலாது" என்று உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். குட்டியில் இருந்து அவர் கையால் சோறு தின்றது அது. கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் போனது. சொல்வதற்கு அவ்வளவு நேரம் இருந்தது. மூன்று அடி. சுவரில் தெறித்த ரத்தத்தை அவரே கழுவினார். பிறகு தன் துண்டால் என் கையைக் கட்டி, ஊசி போட வண்டியில் கூட்டிப்போனார். வழியெல்லாம் அழுதார்.

இப்போது நல்லெண்ணெய்தான் தடவுகிறேன். ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது. நாயைப் பற்றிப் பேச்சு வந்தால் மச்சான் எழுந்து போய்விடுகிறார். புதிதாக ஒன்று வளர்க்கச் சொன்னால், கை வரவில்லை என்கிறார்.

இந்தத் தாளை நாளைக் காலையில் அவரிடம் கொடுக்கப்போகிறேன். அவர் படித்து முடிக்கும்வரை எதிரே நிற்பேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.