சேதாரம் எடுத்த படங்கள்

என் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் சேதாரம். அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். எங்காவது கார் மோதினால் போய் நிற்பார். நசுங்கியது எது, கீறியது எது, உடைந்தது எது என்று படம் எடுத்து அறிக்கை எழுதுவார். முப்பது வருடமாக அதையே பார்த்த கண், வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுமா? என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "கதவு கீழே உரசுது பாரு" என்பார். உரசும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்த மனிதர் முதலில் "எப்படி இருக்கே" என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

அவருக்கு ஒரே பெண், இருபத்தைந்து வயது. வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். வேலைக்கென்று வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அண்ணன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது பட்டன் தொங்குது" என்றார்.

அவள் உட்காரவே இல்லை. "அப்பா, என்கிட்ட உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணு போதும்."

அண்ணன் யோசித்தார். ஐயோ, யோசித்தாரே! மேஜைக்கு அடியில் அண்ணி அவர் காலை மிதித்தது எனக்கே தெரிந்தது. கடைசியில் வாயைத் திறந்தார். "உன் கையெழுத்து முன்னைக்கு இப்போ பரவாயில்லை."

அவள் அறைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா எது கேட்டாலும் "ம்", "இல்லை", "சரி". அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன் என் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு தடித்த பழுப்பு உறையோடு. "அவளுக்கு ஒரு ஆல்பம் பண்ணிக் கொடுக்கணும். எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும். இதே மனசோட அவ விமானம் ஏறிட்டா, அப்புறம் நான் எங்க போய்ச் சரி பண்றது?" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

உறையில் இருந்தவை அவர் எடுத்த படங்கள். அந்த வீட்டில் இருந்தது ஆபீஸ் கேமரா, அண்ணி அதைத் தொடவே மாட்டாள். கைப்பேசி வந்த பிறகும் அண்ணன் எல்லாவற்றையும் கடையில் கொடுத்து பிரிண்ட் போட்டுவிடுவார். அவற்றை என் மேஜையில் நான்கு வரிசையாகப் பரப்பினார். முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது.

"ஏண்ணா, இது பெத்த பொண்ணா, கார் பம்பரா?"

"அப்படித்தான் எனக்கு அடுக்க வரும்," என்றார் பாவமாக.

படங்களைப் பார்த்தேன். முன்பக்க வரிசையில் உடைந்த பல், வீங்கிய நெற்றி, அழுது சிவந்த கண். வலது வரிசையில் சிராய்த்த முழங்கால். இடதில் மாவுக்கட்டுப் போட்ட கை. பின்பக்கத்தில் யாரோ சூயிங்கம் ஒட்டிவிட்ட தலைமுடி. சிரித்த படம் என்று மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. அவர் கேமராவை எடுத்ததே ஏதாவது உடைந்தால்தான்.

"இதைக் கொடுத்தா எரியிற தீயில எண்ணெய் ஊத்தின மாதிரிதான்," என்று சொல்லி எல்லாவற்றையும் அள்ளி உறைக்குள் திணித்தேன். அடுத்த ஒரு வாரம் சொந்தக்காரர்கள், அவளுடைய தோழிகள், பழைய டீச்சர் என்று ஒருவர் விடாமல் கேட்டு, சிரிக்கிற படங்களாகச் சேர்த்தேன். ஆல்பம் அழகாக வந்தது. எனக்கே என் மேல் பெருமை. அண்ணன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல நான் எடுத்தது ஒண்ணுகூட இல்லையே," என்றார்.

"அதனாலதான் நல்லா இருக்கு," என்றேன். என் நாக்குக்கு எலும்பு கிடையாது. அவர் ஆல்பத்தை மூடினார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, கட்டிலில் பெட்டிகள் திறந்து கிடக்க, அண்ணன் ஆல்பத்தை நீட்டினார். அவள் ஐந்து நிமிடத்தில் புரட்டி முடித்தாள். "நல்லா இருக்குப்பா. தேங்க்ஸ்." கடைக்காரரிடம் சொல்கிற தேங்க்ஸ். பிறகு கேட்டாள்: "நீங்க எடுத்தது எங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அண்ணிதான், "அந்த உறையையும் கொடுங்களேன். இனிமே கெட்டுப்போக என்ன இருக்கு?" என்றாள்.

அவள் முதல் படத்தை எடுத்தாள். உடைந்த பல். அவள் முகம் சுருங்கியது. உள்ளே தள்ளப்போனவள் என்ன நினைத்தாளோ, திருப்பினாள். பின்னால் அண்ணனின் பொடி எழுத்து. அங்கேயும் ஒரு அறிக்கை! நான் அத்தனை படங்களையும் கையில் வைத்திருந்தும் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அவள் சத்தமாகப் படித்தாள்.

"மேல் பல் ஒன்று, பாதி உடைந்தது. காரணம்: ஊஞ்சல். மற்றவை நல்ல நிலையில். தள்ளிவிட்ட பிள்ளையைத் திட்ட வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள்."

"அது என்னப்பா, மற்றவை?"

"எது உடையலைன்னும் எழுதணும்மா," என்றார் அண்ணன். "அதை எழுதாம ரிப்போர்ட்டை முடிக்கக்கூடாது. அது விதி."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "வலது முழங்கால். சைக்கிள். மற்றவை நல்ல நிலையில். கட்டுப் போட்டதும் மறுபடி ஏறினாள், நான்தான் சீட்டை விடாமல் பிடித்திருந்தேன்." "தலைமுடி நான்கு அங்குலம் வெட்ட வேண்டியதாயிற்று. மற்றவை நல்ல நிலையில். கண்ணாடியில் பார்த்து அவளே முதலில் சிரித்தாள்." நடுநடுவே அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஆல்பத்தில் அவள் சிரித்தாள், ஆனால் அவள் யார் என்று அதில் ஒரு வரி கிடையாது.

அழுது சிவந்த கண் படம் கைக்கு வந்தது. பதினாறு வயதில் கணக்கில் பெயிலான நாள். அன்று அண்ணன் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. திருப்பி, மனதுக்குள் படித்தாள். பிறகு படத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"படிக்க வேண்டாம்பா. எழுதினது போதும். சொல்லுங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், மறுபடி மாட்டவில்லை.

"பெயிலானது நீ, ஆனா தப்புப் பண்ணினது நான்," என்றார். "கத்தியிருக்கக் கூடாது. உன்கிட்ட எனக்குப் பிடிக்காதது எதுவும் இல்லைம்மா. அன்னைக்கும் இல்லை."

"ஒன்பது வருஷம் ஆச்சுப்பா இதைச் சொல்ல."

"ஆமாம்மா," என்றார் அவர். "நீ ஒரு நாள் படத்தைத் திருப்பிப் பார்ப்பேன்னு காத்துக்கிட்டே இருந்துட்டேன்."