மிச்சமான பஞ்சு

ஒரு வீடு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, வெப்பம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று அளந்து சொல்வது என் அக்காவின் வேலை. அவளுக்கு ஏணி பிடிப்பது என் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். பாலைக் கொடுத்தால் தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிற ரகம். 'வீட்டுக்காரர் வாயை நம்பாதே, கூரையை நம்பு' என்பாள். தன் வீட்டுக்காரரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை.

மாமாவுக்கும் கூரையோடுதான் பிழைப்பு. வெப்பம் இறங்காமல் இருக்கக் கூரைக்கு அடியில் பஞ்சு பரப்புவார். நானும் அவர்களோடுதான் இருக்கிறேன்.

அன்று காலை மாமா கேட்டார்: "இன்னைக்கு எந்தத் தெரு?"

ஒருநாளும் கேட்காத கேள்வி. அக்கா சொன்னதும், "அங்க எல்லாம் பழைய வீடு. சட்டுபுட்டுன்னு பாத்துட்டு வந்துடுங்க" என்றார். எதற்கு அவசரம்? எனக்கு அது தொண்டை முள்ளாக நின்றது.

அந்த வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இது நொட்டை அது நொள்ளைன்னு சொல்லி எதையாவது என் தலையில கட்டத்தானே வந்திருக்கீங்க?"

"நாங்க விக்கிறவங்க இல்லைங்க. அளக்குறவங்க."

"அளங்க. வீடு முழுக்கக் காசு குடுத்துப் புதுசா பஞ்சு போட்டிருக்கேன். போட்டவரு தங்கமான மனுஷன். ஆனாலும் மத்தியானத்துல ரூம்ல படுக்க முடியல. என் வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்குது."

நடைக்கு மேலே, கூரைக்குள் ஏறும் வழியை மூடியிருந்த சதுரப் பலகையைத் தள்ளி, அக்கா தலையை நுழைத்தாள். எட்டிப் பார்க்கிறவர் கண்ணுக்குப் பஞ்சு மெத்தைபோல விரிந்து கிடந்தது. அறைக்குள் வந்து வெப்பம் காட்டும் கேமராவைப் பிடித்தால், திரையில் கூரை அடுப்பாகச் சிவந்திருந்தது. மறுபடி ஏறித் தவழ்ந்து போனாள். இறங்கி வந்து, பஞ்சு முடிகிற இடத்தில் ஒட்டியிருந்த டேப் துண்டை என் கையில் வைத்தாள். முனை முக்கோணமாக மடிந்திருந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பொட்டலத்தை ஒட்டினாலும் மாமா அப்படித்தான் மடிப்பார்.

"நடைக்கு மேல மட்டுந்தாங்க பஞ்சு இருக்கு. ரூமுக்கு மேல ஒண்ணுமே இல்ல."

டிரைவர் நம்பவில்லை. "தங்கமான மனுஷன்மா அவரு!"

"அந்தத் தங்கத்தை எனக்கும் தெரியுங்க. அவரையே வந்து போட வைக்கிறேன்."

எங்கள் வீடு எந்த வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும். வேலையில் மிச்சமான பஞ்சு என்று மாமா பரப்பியது. அக்கா வந்ததும் வராததுமாகக் கேமராவை எங்கள் கூரைக்கே தூக்கினாள். மூலைக்கு மூலை நீலம்.

"மிச்சம்னு சொன்னீங்களே, யாரு மிச்சம் வச்சது?"

மாமாவின் முகம் வெளுத்தது. "ஊருல எல்லாரும் பண்றதுதான். உனக்காகத்தானே போட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா கத்தவில்லை. ஏணியை விரித்து வைத்தாள்.

"ஏறுங்க."

அந்தப் பஞ்சு இப்போது டிரைவர் வீட்டில் இருக்கிறது. எங்கள் வீடு மத்தியானத்தில் வேகிறது. திருந்திவிட்டதாக மாமா சொல்கிறார். இருக்கலாம். தினமும் காலையில் அவர் வண்டியை எடுக்கும்போது அக்கா வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

"இன்னைக்கு எந்தத் தெரு?" என்று இப்போது கேட்பது அவள்தான்.