கோழிக் கொட்டகையும் ஆர்மீனியப் பாட்டும்

"உன் கைக்குச் சத்தமே வரலையேம்மா. பியானோ பெரிய வாத்தியம். உன்னால முடியுமா?" என்று அஸ்தம்பட்டியில் பியானோ வகுப்பு நடத்திய மேடம் கேட்டார். நான் சேர்ந்த முதல் நாள் அது. பாதி அறையை அடைத்துக்கொண்டு கறுப்பாக நின்ற அந்த வாத்தியத்தை அப்போதுதான் முதன்முறையாகத் தொட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.காம். முடித்து, செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில் கணக்கு எழுதி, அந்தச் சம்பளத்தில் வகுப்புக்கு வந்திருந்தேன். முடியாது என்று சொல்வதற்காக வரவில்லை. ஆனால் மேடம் சொன்னது உண்மை. என் கைக்குச் சத்தம் வராது. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பாவுக்கு நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை. கொட்டகையை ஒட்டியே எங்கள் வீடு. முட்டைக் கோழிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், கொட்டகை முழுவதும் கூண்டுக்குள் சிறகடித்துக்கொள்ளும். மறுநாள் முட்டை குறையும். அதனால் அப்பா ஒருநாளும் சட்டென்று உள்ளே நுழைந்ததில்லை. வாசலில் நின்று அடித்தொண்டையில் ஒரே சுரத்தை முனகுவார். உள்ளே கூச்சல் தணியும். பிறகு, "வாரேஞ் சாமி, வாரேன்" என்று கோழிகளிடம் சொல்லிக்கொண்டே காலெடுத்து வைப்பார். என்னைக் கூப்பிடுவதும் அதே 'சாமி'தான். பண்ணைக்காரர் மகள் வேண்டாமென்று ஒதுக்கிய கீபோர்டு எனக்கு வந்தபோது அதற்கும் கொட்டகைச் சட்டமே பொருந்தியது. கட்டை தட்டும் ஓசைகூட எழாதபடி, விரலை முதலில் வைத்து, பிறகு அழுத்திப் பழகினேன்.

வகுப்பில் மற்றவர்கள் இடிபோல வாசித்த பாடங்கள் என்னிடம் தூறலாகக் கூட விழவில்லை. மேடம் பொறுமைசாலி. ஆனாலும் ஒருநாள் பெருமூச்சு விட்டு, வேறொரு தாளை எடுத்து வைத்தார். ஆர்மீனிய நாட்டுப்புறப் பாட்டுகள். உழவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் பாடியதை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி, பியானோவுக்கு அமைத்திருந்தார்கள். தாளில் சுரங்களை விட வெள்ளை இடமே அதிகம். இடது கையில் ஒரே ஒரு தாழ்ந்த சுரம், மறுபடி மறுபடி, நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுவதுபோல. அதன்மேல் வலது கையில் ஒரு மெட்டு இரண்டடி நடந்து, தயங்கி, ஒரு சின்ன வளைவு வளைந்து நிற்கும். வாசித்தேன். அந்தப் பெரிய வாத்தியம் ஒரு தனி மனிதக் குரலாகச் சுருங்கியது. அது எந்த மலை, யார் பாடியது, எதுவும் தெரியாது. ஆனால் ஆளில்லாத மேட்டில் ஒருவர் தனக்கு மட்டும் பாடிக்கொண்டிருப்பதை ஒளிந்து நின்று கேட்டதுபோல உடம்பு சிலிர்த்தது. மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார்.

சென்னையில் இசைப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு வந்தது. வயது வரம்பின்படி எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அந்த ஆர்மீனியப் பாட்டையே வாசிக்க நினைத்தேன். மேடம் வேண்டாமென்றுதான் சொன்னார். "இத வாசிச்சா சின்னப் பிள்ளைப் பாட்டுன்னு நெனச்சிருவாங்க. பெருசா ஒண்ணு வாசி." குழப்பத்தோடு இருந்த நாளில் அப்பா என்னைக் கூட்டிப்போக வகுப்புக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நான் அந்தப் பாட்டை வாசிப்பதை வாசற்படியிலேயே நின்று கேட்டார்.

"இது எந்த ஊருப் பாட்டு சாமி?"

"ஆர்மீனியாப்பா. மலை நாடு."

"அங்கயும் கோழிப்பண்ண இருக்குதாட்ட இருக்குது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உள்ள வாரதுக்கு முன்னாடி சொல்லிப்போட்டு வாராப்பல இருக்குது. பயப்படுத்தாம."

இடது கையின் அந்தச் சுரம் எதற்காக முதலில் வருகிறது என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. மெட்டு வருமுன் கேட்பவரைத் தயார்ப்படுத்தி, அனுமதி வாங்கிக்கொண்டு நுழைகிறது. ஒரு மலை நாட்டு இசையும் என் அப்பாவும் ஒரே மரியாதையோடு வாசலில் நிற்பதைக் கண்டு மலைத்துப் போனேன். எதை வாசிப்பது என்ற கேள்வி அதோடு தீர்ந்தது.

தேர்வு அறையில் மூன்று பேர் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த சுரத்தை மட்டும் மெல்ல வாசித்தபடி, காகிதச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். அடங்கியது. அதன் பிறகே மெட்டைத் தொட்டேன். வாசித்து முடித்தேன். நடுவிலிருந்த அம்மையார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உங்க ஊர்ப் பாட்டை யாராவது இப்படிப் பியானோவுக்கு எழுதியிருக்காங்களா?" தெரியவில்லை என்றேன். இடம் கிடைத்தது. அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

முதல் விடுமுறையில் இராசிபுரம் பக்கம் ஒரு கடலைக் காட்டில், பிடுங்கிய செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண்களிடம் போய் உட்கார்ந்தேன். "எங்க பாட்டயா கண்ணு? இதையப் போயி ஆரு கேப்பாங்க?" என்று ஒருவர் கேலி செய்தார். "நாங் கேக்கறனுங்க" என்றேன். கூடை நிறையும்வரை பாடினார்கள். அந்தப் பாட்டைப் பியானோவுக்கு எழுதி முடித்துவிட்டேன். முதலாண்டு மாணவர் கச்சேரியில் வாசிக்கப் பெயரும் கொடுத்தாயிற்று. முன்வரிசையில் அந்தப் பெண்களுக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.