கப்பல் திரும்பி வந்த திங்கட்கிழமை

மட்டாஞ்சேரி பஜார் சாலையில், காயலைப் பார்த்த பின்கதவு உள்ள ஒரு கிடங்கில் பாக்கியலக்ஷ்மி சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து, முறத்தில் கொட்டிய சுக்கில் பூச்சி அரித்ததையும் உடைந்ததையும் தனியே பொறுக்குவார்கள். பேசாமல் செய்தால் பத்து மணிக்கே இடுப்பு கழன்றுவிடுகிற வேலை. அதனால் பாக்கியலக்ஷ்மி பேசுவதை மேஸ்திரி தடுத்ததில்லை. அவள் கதை சொல்லும்போது எல்லோருக்கும் கை வேகமாக ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்கு வந்தவர். அவள் பிறந்ததும் படித்ததும் மட்டாஞ்சேரியில். பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். தமிழ் பேசுவாள், எழுத வராது. கணவன் பாலையாவுக்கும் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. 1998இல் அவன் ஒரு கலர் டிவி வாங்கி, கேபிள் இழுத்தான். அந்த மழைக்காலத்தில்தான் ஒரு தமிழ்ச் சேனலில், ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, ‘விண்கலம் நாற்பத்தி நான்கு’ தொடங்கியது. எங்கோ வெளிநாட்டில் எடுத்த தொடர். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள்.

இருநூறு பேரோடு பூமியிலிருந்து கிளம்பிய கப்பல் விண்வெளியில் வழி தவறிவிடுகிறது. அதில் இன்ஜின் பார்க்கும் ரேச்சல், பூமியில் ஆறு வயது மகளை விட்டுவிட்டு வந்தவள். ஒவ்வொரு வாரமும் முடிகிற நேரத்தில் ரேடியோ கரகரக்கும். “அம்மா, கேக்குதா? நான் இங்கதான் இருக்கேன்” என்று அந்த மகளின் குரல் வரும். ரேச்சல் பதில் சொல்வதற்குள் அறுந்துவிடும்.

திங்கட்கிழமை கிடங்குக்கு வந்ததும் பாக்கியலக்ஷ்மி இதைச் சொன்னாள். மற்றவர்களில் பாதிப் பேர் வீட்டில் டிவி இல்லை. இருந்தவர்களுக்கு அது தேவாலயத்துக்குப் போகிற நேரம், அல்லது துணி துவைக்கிற நேரம். அடுத்த திங்கட்கிழமை அவர்களே கேட்டார்கள். ரேச்சல் கிடங்குக்குள் ராகேல் ஆனாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, கதை பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மறுநாள் ஷீஜா, கிடங்கிலேயே இளையவள், வழக்கம்போல மீதிக் கதையைக் கேட்டாள்.

“பின்னே எந்தாயி சேச்சீ?”

கரண்ட் போய்விட்டது என்று சொல்லத்தான் பாக்கியலக்ஷ்மி வாயைத் திறந்தாள். ஆனால், “கப்பல்ல சமையல்காரன் ஒருத்தன் உண்டு, பத்ரோஸ்னு பேரு” என்று வந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் தீப்பிடித்தபோது ஓடிப்போய் அரிசி மூட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தானாம் அந்த பத்ரோஸ். பெண்கள் சிரித்துவிட்டார்கள். எதற்கும் சிரிக்காத லோகாம்பாளும் சிரித்தாள். லோகாம்பாளுக்கு ஐம்பது வயது. புருஷன் போய், இரண்டு பெண்களோடு பள்ளுருத்தியிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவள்.

அதன் பிறகு பத்ரோஸ் இல்லாத திங்கட்கிழமையே கிடையாது. அவன் ராகேலை மனசுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்தான். ஒரு சண்டையில் அவனுக்கு விரல் போனது. தகரடப்பாவில் மிளகாய்ச் செடி வளர்த்தான். பாக்கியலக்ஷ்மிக்கு இது பொய் என்று தோன்றுவதும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை டிவி பார்க்கும்போதே, இந்த இடத்தில் பத்ரோஸ் எங்கே நிற்பான் என்று தேட ஆரம்பித்திருந்தாள்.

இரண்டாயிரம் செப்டம்பரில் கதை முடிந்தது. அன்றைக்குப் பாலையாவும் பக்கத்தில் உட்கார்ந்தான். கப்பல் பூமிக்கு வந்து சேர்ந்தது. கதவு திறந்தது. வெளியே புல்லும் காற்றும். மனிதர் யாரும் இல்லை. எல்லோரும் அழிந்து நூற்றுக்கணக்கான வருடங்கள் ஆகிவிட்டதாம். கேப்டன் ரேச்சலைக் கூட்டிப்போய் ஒரு இயந்திரத்தின் மூடியைக் கழற்றிக் காட்டினார். மகளின் குரல் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆட்கள் மனம் விட்டுவிடக் கூடாது என்று கப்பலே உண்டாக்கிய குரல். ரேச்சல் அதில் காதை வைத்தாள். “அம்மா, கேக்குதா?” என்றது. திரை வெளுத்துப்போய், பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

“முடிஞ்சுதா?” என்றான் பாலையா.

“இருங்க.”

சோப்புத்தூள் விளம்பரம் வந்தது. அடுத்த நிகழ்ச்சி தொடங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை.

“ரெண்டு வருசமா ஏமாத்தி நம்மளப் பொட்டனாக்கிட்டானுவ” என்று சொல்லிவிட்டுப் பாலையா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அன்று மதியம் அவள் உலை வைக்கவில்லை.

திங்கட்கிழமை கிடங்கில் அவள் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். பத்ரோஸைச் சேர்க்கவில்லை. புல், காற்று, இயந்திரம், குரல்.

“சும்மா பறயல்லே சேச்சீ” என்றாள் ஷீஜா. “கொச்சு இல்லேங்கில் பின்னே யாரு விளிச்சது?” பிள்ளை இல்லையென்றால் கூப்பிட்டது யார் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி.

லோகாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். “சனிக்கிழமை ஃபேனுக்கடியில நான் இடம் தரலன்னு கோவத்துல சொல்றியா, பாக்கியம்?”

“இல்லக்கா. சத்தியமா அப்படித்தான் முடிஞ்சுது.”

லோகாம்பாள் நம்பவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் படகுத்துறைக்குப் பக்கத்திலிருந்த ஹோட்டலுக்குப் போனாள். அங்கே பரோட்டா போடும் செல்லதுரை உசிலம்பட்டிக்காரன். காலைக் கூட்டம் முடிந்ததும் ஹோட்டல் டிவியில் அவனும் அந்தத் தொடரைப் பார்ப்பான் என்று எல்லோருக்கும் தெரியும்.

“ஆமாக்கா, மோசம் பண்ணிட்டானுங்க” என்றான் செல்லதுரை. “நேத்துலேர்ந்து மாவு பிசையக்கூட மனசு வரல. அந்தச் சேனலை மாத்துன்னு மொதலாளிகிட்டயே சொல்லிட்டேன்.”

“அப்ப பத்ரோஸ் என்ன ஆனான்?”

“யாருக்கா பத்ரோஸ்?”

“சமையல்காரன்.”

“அதுல சமையல்காரனே கிடையாதேக்கா. அவங்க மாத்திரை மாதிரி எதையோ முழுங்குவாங்க.”

லோகாம்பாள் திரும்பி வந்தாள். உட்காரவில்லை. பாக்கியலக்ஷ்மியின் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

“பத்ரோஸ்னு ஒருத்தன் உண்டா?”

பாக்கியலக்ஷ்மி சுக்கைப் பார்த்துக்கொண்டே, “இல்லக்கா” என்றாள்.

“விரல் போனது?”

“நான் சொன்னதுதான்.”

“மொளகாச் செடி?”

“அதுவும்.”

எல்லோர் கையும் நின்றிருந்தது. மேஸ்திரி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“ரெண்டு வருசம் பொய் சொன்னவ” என்றாள் லோகாம்பாள், “இத மட்டும் எதுக்கு நெஜமா சொன்னே?”

லோகாம்பாள் தன் முறத்தை எடுத்துக்கொண்டு வட்டத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். அடுத்த நாள் ஷீஜாவும் இடம் மாறினாள். அப்புறம் கிடங்கில் யாரோ ஒரு பழைய ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்கு, பாக்கியலக்ஷ்மி செல்லதுரையைத் தேடிப் போனாள். தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவனுக்குத் தமிழ் எழுத வரும், அதுதான் வேண்டியிருந்தது. காலியான மேஜை ஒன்றில் கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான்.

“எழுது தம்பி. பிள்ளை மொதல்லயே இல்லன்னா, வாராவாரம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு எழுது. அவ ரெண்டு வருசம் இன்ஜினைச் சரி பண்ணினது யாருக்காகன்னு கேளு.”

அவன் எழுதினான். தன் பங்குக்கு நாலு வரி சேர்த்தான். கொஞ்சம் கடுமையான வரிகள். பிறகு பேனாவை மூடிக்கொண்டு கேட்டான்.

“நீங்க அவங்ககிட்ட வேற மாதிரி சொல்லியிருக்கலாமேக்கா. பிள்ளை ஓடி வந்து கட்டிக்கிச்சுன்னு. யாருக்குத் தெரியப்போவுது?”

“அந்தத் திங்கக்கிழமை அப்படித்தான் நினைச்சுக்கிட்டே கிடங்குக்கு நடந்து போனேன். பத்ரோஸ் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுறதுவரைக்கும் யோசிச்சு வச்சிருந்தேன்.” அவள் சாயா கிளாஸை நகர்த்தினாள். “போய் உக்காந்ததும் வாய் வரல. என்னை இப்படி ஏமாத்திட்டாங்களேன்னு யார்கிட்டயாவது சொல்லணுமே தம்பி. சொல்றதுக்கு அவங்கதான் எனக்கு இருந்தாங்க.”

கடிதத்தைச் சேனலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து ஹோட்டல் முகவரிக்கு ஒரு அச்சடித்த அட்டை வந்தது. ரேச்சலாக நடித்தவளின் சிரிக்கிற படம். செல்லதுரை வாசித்தான்: “தங்கள் பாராட்டுக்கு நன்றி. எங்கள் புதிய தொடரையும் கண்டு மகிழுங்கள்.”

“இன்னொரு தடவை வாசி” என்றாள். அவன் வாசித்தான். அவள் அட்டையை வாங்காமலேயே எழுந்து போனாள்.

2003இல் கிடங்கை மூடினார்கள். பாக்கியலக்ஷ்மி பள்ளுருத்தியில் ஒரு இறால் உரிக்கும் கொட்டகையில் சேர்ந்தாள். அங்கே பெண்கள் முந்தின நாள் பார்த்த தொடர்களைப் பற்றிப் பேசுவார்கள். அவளைக் கேட்டால், “நான் டிவி பாக்கறதில்ல” என்பாள். அது உண்மை. பாலையா டிவி போட்டால் அவள் மீன் கழுவவோ தண்ணீர் பிடிக்கவோ வாசலுக்குப் போய்விடுவாள்.

2006இல் ஒருநாள், தோப்பும்படி போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் லோகாம்பாள் வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணாடி போட்டிருந்தாள்.

“சின்னவ மஞ்சுஷாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்” என்றாள் லோகாம்பாள், முன்னால் பார்த்தபடியே. “அடுத்த ஞாயித்துக்கிழமை. நீயும் உன் வீட்டுக்காரரும் வரணும்.”

“வர்றேங்க்கா.”

இறங்கும்போது லோகாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். “வந்து சாப்பிட்டுப் போ. கதை ஒண்ணும் சொல்லாதே.”

பாக்கியலக்ஷ்மி போனாள். பாலையாவும் வந்தான். பந்தியில் ஷீஜாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஷீஜா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, தன் புருஷன் துபாய்க்குப் போய்ப் படுகிற பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். பாக்கியலக்ஷ்மி குறுக்கே எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். பாயசம் வந்தபோது இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.