ஆள் பெயர் கேட்ட ட்ரங்க் கோல்

எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருந்து பேசும் வெளியூர் போன்தான் ட்ரங்க் கோல். அதில் இரண்டு வகை உண்டு. சும்மா பதிந்தால் மறுமுனையில் யார் எடுத்தாலும் பேசலாம். ‘பர்சனல்’ என்று பதிந்தால், பெயர் சொன்ன ஆளே வந்து பேச வேண்டும். அதற்குப் பிறகுதான் நிமிடம் ஓடத் தொடங்கும். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி இல்லை என்று என் அண்ணன் நம்பினான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எஹலியகொடைக்குப் பக்கத்தில் ஒரு இறப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்துக்கு வரும் கடிதம் எப்போது கைக்குக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, கொழும்பில் அண்ணன் வேலை பார்த்த கடையின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். நேர்முகப் பரீட்சைக் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

அண்ணன் உடனே தோட்டத்து ஆபீசுக்கு ஒரு பர்சனல் கோல் பதிந்தான், கடிதத்தில் இருந்த என் முழுப் பெயருக்கு. பிறப்புச் சான்றிதழில் தூங்கிக்கொண்டிருந்த பெயர் அது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இப்படித்தான், கடுதாசிக்கு ஒரு பெயர், வாய்க்கு ஒரு பெயர். போனை எடுத்த பெரிய கிளாக்கர், “எஹெம கெனெக் மெஹெ நே” என்று, அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட்டார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

வீட்டுப் பெயரைச் சொல்லலாம் என்றால், அந்தப் பெயரில் ஒவ்வொரு லயத்திலும் நாலு பேர் இருந்தார்கள். அண்ணன் யோசித்து, மறுபடி பதிந்தான், இந்தத் தடவை பெரிய கிளாக்கரின் பெயருக்கே. இப்போது அவரால் ஆள் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

“ஐயா, மேல் லயத்துல பால் வெட்டுறாங்களே எங்கம்மா, நீங்க இல்லேன்னு சொன்ன ஆளு அவங்க மகதாங்க. நாளைக்குக் காலைல இரத்தினபுரியில இன்டர்வியூங்க. கடுதாசியோட நான் அங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்னு சொல்லிடுங்க.”

சாயங்காலம் கிளாக்கரே குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஏறி வந்தார். கிளாக்கர் வாசலுக்கு வந்தால் நல்லதுக்கு இருக்காது என்று அம்மா பயந்து எழுந்து நின்றார்.

“என்ன புள்ள, இவ்வளவு நீட்டுப் பேர வச்சிக்கிட்டு ஒரு நாளாவது சொன்னியா? நாளைக்கு இன்டர்வியூவாம். மொத பஸ்ஸுலயே போ.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போனேன், வேலையும் கிடைத்தது.

முதல் நாள் வகுப்பில் வரவு குறிக்கும் இடாப்பை விரித்து ஒரு பெயரை வாசித்தேன். யாரும் எழும்பவில்லை. மறுபடி வாசித்தேன். முன் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் தன் பெயர்தான் அது என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்ன வீட்டுல எப்படிம்மா கூப்பிடுவாங்க?”

சொன்னாள். இடாப்பில் பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

“இருக்கேன் டீச்சர்!” என்று துள்ளி எழுந்தாள்.