பக்கத்து வீட்டுக் கிணறும் நான் திறக்காத வாயும்

துடியலூரில் ஒரு பெட்ரோல் பங்க். தரைக்கடியில் இருந்த பழைய டாங்க் ஓட்டையாகி, எவ்வளவு காலமாகவோ மண்ணுக்குள் பெட்ரோல் கசிந்திருந்தது. மண்ணைச் சுத்தப்படுத்தும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. துளை போட்டு, குழாய் இறக்கி, புளோயரை ஓடவிட்டு, மண்ணுக்குள் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவியை உறிஞ்சி எடுக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு துளையில் சோதனை. அது தேறினால் ஒரு வருஷ வேலை. அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதில்தான் என் உயிர் இருந்தது.

டிப்ளமோ முடித்த நாளிலிருந்து இந்தக் கம்பெனியில் குழாயோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அந்த சைட் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பொறுப்பு எனக்குத்தான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியும் விட்டேன். திங்கட்கிழமை காலையில் எங்கள் மேனேஜர் ஒரு சென்னைப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம். வெளிநாட்டுப் படிப்பு.

"சோதனைய இவங்க பாத்துக்குவாங்க. நீங்க கூட இருந்து பாத்துக்கோங்க" என்றார்.

அவள் கையில் லேப்டாப், என் கையில் ஸ்பானர். எனக்கு வயிறு எரிந்தது. அவள் கையெழுத்து அழகாக இருந்ததற்கும் எரிந்தது. "அக்கா, சாப்ட்டீங்களா?" என்று அவள் கேட்டபோது இன்னும் எரிந்தது. கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பெட்ரோல் எந்தப் பக்கம் பரவியிருக்கிறது என்பது ஆய்வுக்கூட முடிவில் தெளிவாக இல்லை. அதனால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போனோம். மேற்கே இருந்த ஒர்க்‌ஷாப்காரர், தினமும் பெட்ரோல் வாசம்தான் என்று சொன்னார். பெட்ரோல் பங்க்குக்கு வருகிற வண்டி எல்லாம் அவர் வாசலில்தான் நிற்கிறது, பின்னே வாசம் வராதா? கிழக்கே கிணறு உள்ள ஒரு வீடு. வாசலிலேயே நின்று, "உங்க கெணத்துல, வீட்டுல பெட்ரோல் நாத்தம் வருதாங்க?" என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க அம்மணி. உள்ள வாங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்" என்றார் அந்த வீட்டு அம்மா.

அவள் "இல்லை" என்று குறித்துக்கொண்டாள். வீடு தேடி வந்தவர்களிடம் என் வீடு நாறுகிறது என்று எங்கள் பக்கத்தில் யார் சொல்வார்கள்? உட்கார்ந்து, காப்பி குடித்து, இரண்டு முறை பேச்சை மாற்றி, மூன்றாம் முறைதான் கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மை வரும். அதோடு, காப்பிக்கு உள்ளே போனபோது குளியலறைக் கதவு மலரத் திறந்து கிடந்ததையும் உள்ளே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்ததையும் நான் பார்த்துவிட்டேன். குடிக்கக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர், குளிக்கக் கிணற்றுத் தண்ணீர். நாற்றம் கிணற்றுத் தண்ணீரில்தான் என்று கணக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. படிச்ச மகராசி கண்டுபிடிக்கட்டும் என்று காப்பியைக் குடித்தேன்.

மேற்கே துளை போட்டாள். எட்டாம் நாள் மேனேஜர் முன்னால் புளோயர் ஓடியது. குழாயில் வந்த காற்றில் பெட்ரோல் ஆவியை அளக்கும் மீட்டரை வைத்தால் எண் ஏறவே இல்லை. நல்ல காற்றை இழுத்து நல்ல காற்றாகவே வெளியே விட்டுக்கொண்டிருந்தோம். அவள் முகம் சுண்டிப்போனது. என் வயிறு குளிர்ந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் குளிர்ந்தது.

மறுநாள் நான் தனியாகக் கிழக்கு வீட்டுக்குப் போனேன். கண்டுபிடித்தவள் நான் என்று ஆக வேண்டுமே. காப்பி குடித்தேன், மழையைப் பற்றிப் பேசினேன், பிறகு மெதுவாகக் குளிக்கிற தண்ணீருக்கு வந்தேன். அந்த அம்மா தன் சின்ன மகளைக் கூப்பிட்டுச் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். கையெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

"ஒரு வாரமா இப்புடித்தானுங்க. தண்ணி நாறுதுதான். அன்னிக்கே சொல்லோணும்னு இருந்தேனுங்க. ஆனா அந்தப் புள்ள வெளியூரு, அதுக்குத் தெரியாது. நீங்க நம்ம ஊரு. நீங்களே ஒன்னும் கேக்கலியே, அப்ப பயமில்லேன்னு நெனச்சுப்போட்டேன்."

இனி அந்தத் தண்ணீரில் குளிக்க வேண்டாம் என்று சொன்னேன்.

கிழக்கே போட்ட துளையில் முதல் நிமிஷத்திலேயே மீட்டர் எகிறியது. ஒரு வருஷப் பொறுப்பை மேனேஜர் எனக்கே கொடுத்தார். அவள்தான் முதலில் கை குலுக்கினாள்.

"அக்கா, அன்னைக்கே உங்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல கண்ணு" என்றேன்.

அவள் அதையும் அப்படியே நம்பினாள். அப்படி நம்ப முடிகிறதே என்று அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.