அத்தானின் டாக்டர் முகம்

என் அக்காவை அத்தானுக்குக் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று எங்கள் அப்பா பிடிவாதம் பிடித்தபோது அவர் சொன்ன காரணம் ஒன்றுதான். "படத்துக்குப் படம் சாகிறவனுக்கு எவனாவது பொண்ணு குடுப்பானா?"

அப்பா சொன்னது பொய்யில்லை. அத்தானுக்கு அப்போது பால் வடியும் முகம். உப்பிய கன்னம், பெரிய கண், எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான் என்று தோன்றும் பார்வை. கதாநாயகனாகும் ஆசையில்தான் ஸ்டூடியோ வாசலில் போய் நின்றார். இயக்குநர் ஒருவர் அவர் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நீ யாரையும் அடிக்க முடியாதுப்பா. ஆனா நீ செத்தா எல்லாரும் அழுவாங்க" என்றாராம்.

அன்றிலிருந்து அத்தான் கதாநாயகனின் நண்பன். இடைவேளைக்கு முன்பாகக் குண்டடிபட்டோ, பாறையிலிருந்து விழுந்தோ, சும்மா காய்ச்சலிலோ போய்ச் சேருவார். கதாநாயகன் அவர் தலையை மடியில் கிடத்திக்கொண்டு பழிவாங்கச் சபதம் போடுவான். சபதம் முடியும்வரை இமை ஆடாமல் கிடக்க வேண்டும். "மூச்சு விடாம கிடக்கறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது" என்று அக்காவிடம் பெருமையடித்திருக்கிறார். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள்தான், அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் மாதக்கணக்கில் இருந்து, கடைசியில் நினைத்ததைச் சாதித்தாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்க மனிதர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு. வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் முகம் அப்படியே இருப்பதாகவும் கண்ணாடிதான் சரியில்லை என்றும் நினைப்பார்கள். அத்தான் ஒருவர்தான் தன் முகம் மாறுவதை ஆபீஸ் உத்தரவுபோல ஏற்றுக்கொண்டவர்.

குழந்தை பிறந்தது. வீட்டுச் சாப்பாட்டில் அவருக்குக் கழுத்து தடித்தது, தாடை இறங்கியது. சாவதற்குக் கூப்பிடுவது நின்றுபோனது. மீசை வைத்தார். உடனே இன்ஸ்பெக்டர் ஆனார். எல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கி, "இவங்களை வண்டியில ஏத்துங்க" என்பார். அப்பா அந்தப் படங்களை மட்டும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார். "பரவாயில்ல, உத்தியோகம் கிடைச்சிடுச்சு" என்று அம்மாவிடம் சொன்னார்.

பிறகு முடி உதிர ஆரம்பித்தது. ஒரு நாள் ஒப்பனை அறையில், அவரோடு ஆரம்பம் முதல் இருந்த மேக்கப்காரர், அவர் நெற்றியில் விரல்களை வைத்து அளந்து பார்த்தார். "ஏறிடுச்சுப்பா. இனிமே தொப்பி நிக்காது."

"அப்போ?"

"டாக்டர்."

அத்தான் வீட்டுக்கு வந்து அந்தச் செய்தியைச் சொன்னபோது அக்கா அவர் தலையைத் தடவிப் பார்த்து, "இதுக்குத்தான் இவ்வளவு நாள் எண்ணெய் தேய்ச்சேனா?" என்றாள். டாக்டர் போடும் கண்ணாடியை என் கடையிலிருந்துதான் எடுத்துப் போனார். மெல்லிய கம்பி ஃபிரேம், பவர் இல்லாத கண்ணாடி.

அந்த முகம் நின்று நிலைத்தது. சினிமா குறைந்து சீரியல் பெருகிய காலம். எந்தச் சீரியலில் யாருக்கு என்ன ஆனாலும் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும், அத்தான் வெளியே வருவார், கண்ணாடியைக் கழற்றுவார், தலையை லேசாக அசைப்பார். "எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்" என்பார். எதிரே நிற்கிற பெண் அலறுவாள். அதோடு அன்றைய சீரியல் முடியும். வெள்ளிக்கிழமையானால் அத்தானுக்கு நிச்சயம் வேலை இருந்தது. சாவைச் சொல்லிவிட்டுத்தான் வார விடுமுறைக்கு விடுவார்கள்.

பெயர் மறந்துபோய் எல்லாருக்கும் அவர் 'டாக்டர்' ஆனார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வேட்டியையோ பேன்ட்டையோ தூக்கி முட்டியைக் காட்டினார்கள்.

"ஐயா, நான் நடிகன்."

"அது தெரியாதா டாக்டர்? இந்த வலிக்கு என்ன போடலாம், அதைச் சொல்லுங்க."

கொஞ்ச காலம் மறுத்துப் பார்த்தார். பிறகு, "தண்ணி நிறையக் குடிங்க. ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். அவர்களும் நன்றி சொல்லிவிட்டுத் திருப்தியாக இறங்கிப்போனார்கள்.

ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். முகத்தின் பாதி கீழே இறங்கியிருந்தது. அக்கா அலறியடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். பக்கவாதமோ என்று பதறிப்போய் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பயப்பட ஒன்றுமில்லை, முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது, மெதுவாகச் சரியாகும் என்றார்கள். சரியானது. ஆனால் முழுதாக இல்லை. இடது புருவம் கொஞ்சம் தாழ்ந்தே நின்றுவிட்டது. சிரித்தால் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. நரம்பு திரும்ப வளரும்போது எங்கேயோ தடம் மாறிப் போனதால், சாப்பிடும்போதெல்லாம் இடது கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. ஹோட்டலில் சப்ளையர், "காரம் ஜாஸ்தியா சார்?" என்று தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த சீரியலில் டாக்டரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை வரவில்லை. அத்தான் பகலெல்லாம் என் கடையில் வந்து உட்கார்ந்து, அலமாரியில் பதித்த முகக்கண்ணாடிகளில் தன் முகம் விழாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. "நல்ல பக்கத்தைப் பார்த்தா எனக்குச் சண்டை போட மனசு வரல" என்று சொல்லி, சண்டைக்கென்று எழுந்துபோய் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொள்வாள். அவர் அந்தக் கோணல் வாயோடு சிரித்துவிடுவார்.

அந்தச் சிரிப்பை ஒரு புது இயக்குநர் எங்கேயோ கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறார். கூட்டத்தில் தேடிப் பிடித்து வந்து, "சார், இன்னொரு தடவை சிரிங்க" என்றார். சிரித்தார். "அப்பப்பா, வயித்தைக் கலக்குது. எங்க சார் இருந்தீங்க இவ்வளவு நாளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி குடும்பத்தின் சொத்தை ஏப்பம் விடும் பெரியப்பா வேஷம். அனாதைப் பெண்களைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரிக்க வேண்டும். அவ்வளவு பேரும் புகழும் அத்தானுக்கு அதற்கு முன் வந்ததில்லை. முட்டியைக் காட்டியவர்கள் இப்போது விலகி உட்கார்ந்தார்கள். காய்கறி விற்கிற அம்மாள், "அந்தப் பொண்ணுங்களை நடுத்தெருவுல நிறுத்திட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டு, நிறுவையிலும் கொஞ்சம் குறைத்துப் போட்டாளாம். அத்தான் பையைத் தூக்கிக் காட்டி எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னார். அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மறுநாளே அந்த அம்மாளிடம் சண்டைக்குப் போனாள்.

அந்தச் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அத்தானின் கையைப் பிடித்து, "நீங்க வெளியில உட்காருங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தா இங்க எல்லாருக்கும் பயமா இருக்கும்" என்றாள். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள்.

நானும் அத்தானும் அவர் மகளும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு அடுத்தாற்போல் ஒரு பெண். அவள் கணவனும் உள்ளே இருந்தான். அத்தானை நிமிர்ந்து பார்த்தவள் முகம் வெளிறி, பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். நல்லது நடக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெரியப்பாவா என்று நினைத்திருக்க வேண்டும். அத்தான் அவளுக்குத் தன் வலது பக்கம் தெரியும்படி திரும்பி உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழுத்தைத் திருப்பாமல் அப்படியே இருந்தார்.

மதியம் கதவு திறந்தது. வந்தவள் சின்ன வயது டாக்டர். கண்ணாடி இல்லை. காலில் ரப்பர் செருப்பு, குல்லாவுக்கு வெளியே வேர்வையில் ஒட்டிய முடி. அவளைப் பார்த்ததும் நாங்கள் மூவரும் எழுந்துவிட்டோம்.

"உட்காருங்க சார்" என்றாள்.

அத்தான் உட்காரவில்லை.

"முதல்ல உட்காருங்க சார்" என்று சொல்லிவிட்டு, தானும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் உட்காரும்வரை பேசவில்லை. பிறகு சொன்னாள். வால்வை மாற்றிவிட்டார்கள். ஆனால் அதன் பிறகு இதயம் மறுபடி துடிக்கவே இல்லை. நேரமெடுத்துச் சொன்னாள். நடுவில் நிறுத்தி, குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி சொன்னாள். அவர் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அத்தான் அந்த டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் உள்ளே போன பிறகு எதிர்ப்பக்கத்துப் பெண் எழுந்து வந்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அத்தான் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

எல்லாக் காரியமும் முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தானின் இடது கண்ணில் நீர் வழிந்தது. "அழாதீங்க, மனசைத் தேத்திக்கங்க" என்றார்கள் உறவுக்காரர்கள். "இது அழுகை இல்ல. நரம்பு" என்று அவர் எல்லாருக்கும் பொறுமையாக விளக்கினார். வலது கண் காய்ந்தே கிடந்தது. நாள் போகப் போக எனக்கு அது பயமாக இருந்தது. மனுஷன் ஒரு தடவையாவது வாய்விட்டு அழ மாட்டாரா என்றிருந்தது.

வில்லன் வேஷத்தை விட்டுவிட்டார். அக்காவின் சாவுக்குப் பிறகு முகம் வற்றி, மிச்சமிருந்த முடியும் வெளுத்து, கோணல் அவ்வளவாகத் தெரியாமல் போயிருந்தது. பார்க்கிறவர்களுக்கு வயசான, பெரிய மனுஷ முகம். மறுபடி டாக்டருக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை தலைமை டாக்டர்.

நடந்ததை அந்த மேக்கப்காரர்தான் எனக்குச் சொன்னார். அத்தான் ஷாட்டுக்கு முன்னால் இயக்குநரிடம் போய், "தம்பி, அந்தம்மாவை முதல்ல உட்காரச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"சார், நின்னுக்கிட்டிருந்தாத்தான் மயங்கி விழ வசதி."

"உட்கார்ந்தும் அழலாம் தம்பி. இத்தனை வருஷமா எல்லாரையும் நிக்க வெச்சே சொல்லிட்டேன்."

இயக்குநர் நேரமாகிறதே என்று சலித்துக்கொண்டே சம்மதித்தார். நாற்காலிகள் தேடி எடுத்து வந்தார்கள். கேமரா ஓடியது. கதவைத் திறந்துகொண்டு வந்த அத்தான், "உட்காரும்மா" என்றார். அந்த நடிகை உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "கட்! டாக்டரை எங்கய்யா காணோம்?" என்று இயக்குநர் கத்தினார். நின்று பேசுவதற்காக வைத்த கேமராவில் அத்தானின் வழுக்கை மட்டும்தான் விழுந்திருந்தது. கேமராமேன் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டாண்டை இறக்கினார். இரண்டாவது முறை சரியாக வந்தது. எழுதிக் கொடுத்த வசனத்தை அத்தான் மாற்றவில்லை. சொல்ல மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார்.

ஷாட் முடிந்ததும் அவரைக் காணோம். மேக்கப்காரர் தேடிப்போனார். செட்டின் பின்பக்கம், பலகைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. "பக்கத்துல சாப்பாடு எதுவும் இல்லப்பா" என்றார் மேக்கப்காரர் என்னிடம். "அவனை அப்படியே விட்டுட்டு, பவுடர் டப்பாவோட ரொம்ப நேரம் காவலுக்கு நின்னேன்."

இப்போது அத்தான் மகள் வீட்டில் இருக்கிறார். நின்று நடிக்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஆனால் வேலை அடியோடு நிற்கவில்லை. செத்துப்போன தாத்தாவாகச் சுவரில் தொங்குவதற்கு அவர் படத்தைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஒரு நாள் டிவி பார்த்துக்கொண்டிருந்த பேத்தி கேட்டாள், "தாத்தா, உங்களை ஏன் அவங்க வீட்டுச் சுவத்துல மாட்டி வெச்சிருக்காங்க?"

"அங்க வேலை ரொம்பக் கம்மிடா கண்ணு. வசனமே கிடையாது."

போன வாரம் போயிருந்தபோது அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். இடது கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, பொறுமையாக. எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். எங்கேயும் இல்லையாம். ஆனால் தாடி வைத்த மூஞ்சிக்கு என்ன வேஷம் கொடுப்பார்களோ, யார் கண்டது என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.